அடுத்தவர் ஏரியாவில் ஊதிய விசில்

என் வீட்டுக்காரரைக் கல்லூரிப் பிள்ளைகள் 'பீப்பி சார்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் கூடைப்பந்து மைதானத்தில் ரகசியம் ஏது? அவர் காதிலும் விழும். பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பார், சாயங்காலம் கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவராகப் போவார். "பகல்ல நாய் குரைக்குது, சாயங்காலம் ஜனம் குரைக்குது. நாய்க்காவது ஒரு பிஸ்கட் போட்டா வாலாட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த விசிலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில், போகட்டும், சீட்டாடப் போகாமல் இதற்குப் போகிறாரே என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று கைச்சைகை பழகுகிறார். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரும் உப்பு டப்பாவும் ஆட்டக்காரர்களாகிவிடும்.

"இங்க பாரு, ரெண்டு பேர் ஊதறோம். கோர்ட்டை எங்களுக்குள்ள பிரிச்சுக்குவோம். இது என் ஏரியா, அது அவங்க ஏரியா. பந்து பின்னாடியே கண்ணு ஓடக் கூடாது. அடுத்தவங்க ஏரியாவுல போய் ஊதினா அங்கதான் தப்பு வரும்."

"அடுத்த வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காம இருக்கறதுக்கு ஒரு பயிற்சி வகுப்பாக்கும்?" என்பேன். பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள் நான். அங்கே வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள், நீ மட்டும் மூடப் பயப்படுகிறாய் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு ஒரே பெண். கல்லூரியில் கடைசி வருஷம். அப்பா ஊதுவதைப் பார்த்தே வளர்ந்தவள், ஊதப் போகாமல் ஆடப் போனாள், புத்திசாலி. அந்த வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. அந்த அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் அவளுக்கு அத்தோடு கூடைப்பந்து முடிந்தது. காலையில் இருட்டோடு எழுந்து ஓடியதெல்லாம் அதற்காகத்தான். மகள் ஆடும் ஆட்டத்தில் அப்பா ஊதக் கூடாது என்பது வழக்கம். அவரும் ஒருநாளும் ஊதியதில்லை.

ஆனால் ஊதுவதற்கு ஆள் வேண்டுமே! ஒருத்தரை வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து யாரோ ஒரு பெண்ணின் மாமன் சட்டையைப் பிடித்தான், அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். இன்னொருத்தரின் மனைவி, விசிலா நானா என்று கேட்டுவிட்டாளாம், எனக்கு அது தோன்றாமல் போயிற்றே. புதிதாக வருகிறவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் தப்பும் தவறுமாக ஊதுகிறார்கள், கூட்டம் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டுகிறது, மறுநாள் போன் செய்தால் எடுப்பதில்லை. திரும்பவும் இன்னொரு அரைகுறை.

அரையிறுதி அன்று அப்படித்தான் ஒருத்தர் போனை அணைத்துவிட்டார். எதிரணி வந்து நிற்கிறது, எங்கள் பெண்ணின் அணியும் நிற்கிறது, ஊத ஒரே ஒரு அம்மாள்தான் இருக்கிறார், வேறொரு கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. போட்டிச் செயலாளர் வேடிக்கை பார்க்க வந்திருந்த இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க இறங்கலேன்னா மேட்ச் ரத்துதான்."

"என் பொண்ணு ஆடறா. முடியவே முடியாது."

எதிரணிப் பயிற்சியாளர்தான் பக்கத்தில் வந்து சொன்னார். "எனக்குச் சம்மதம் சார். உங்களைத் தெரியாதா? நீங்க ஊதினா நான் வாயே திறக்க மாட்டேன்."

அந்த நல்ல வார்த்தைதான் வினையாகப் போயிற்று என்பேன் நான். நம்பிவிட்டார் அல்லவா, அதற்குப் பிறகு இவருக்கு மகள் தெரியவில்லை. தன்மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் தெரிந்தது.

கூட்டமும் சும்மா இருக்கவில்லை. "அப்பன் ஊதறான், பொண்ணு ஆடறா, நாம எதுக்குடா டிக்கெட் வாங்கினோம்?" என்று ஒருவன் கத்த, அரங்கமே சிரித்தது. கீழே, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகு அவள் கையை அசைத்தாலே இவர் விசிலைக் கடிப்பதைப் பார்த்தேன்.

கடைசி நிமிஷத்தில் எங்கள் பெண்ணின் அணி ஒரு புள்ளி முன்னால். அவள் கணக்கில் நாலு ஃபவுல், ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். எதிரணிப் பெண் பாய்ந்து வந்தாள். இவள் குதித்துத் தட்டினாள். பந்து பறந்தது. எல்லாம் அந்த ஆசிரியையின் மூக்குக்கு முன்னால் நடந்தது, அவர் ஊதவில்லை. கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து விசில் வந்தது. என் வீட்டுக்காரரின் விசில்.

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள், பெஞ்சில் போய் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, குறுக்கே யாரும் வராமல் வளையத்துக்கு எறியலாம். இரண்டும் விழுந்தன. ஆட்டம் போயிற்று. "நேர்மைன்னா இதுதான்டா!" என்று முன்னால் கத்தின அதே ஆள் கை தட்டினான். பாவி.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஆசிரியை இவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். "சார், அது என் ஏரியா. பக்கத்துலதான் நின்னேன். சுத்தமா பந்தைத்தான் தட்டினா."

"தெரியும்மா. ஊதும்போதே தெரியும்."

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டேன். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேற வீட்டுப் பொண்ணா இருந்தா ஊதியிருப்பியா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஊதியிருக்க மாட்டேன்மா" என்றார்.

மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். தேர்வாளர்கள் அதையும் பார்ப்பார்கள், அதுதான் அவளுக்கு மிச்சமிருந்த வாய்ப்பு. காலையிலேயே செயலாளர் போன் செய்தார், இன்றைக்கும் ஆளில்லை, எதிரணிக்கும் சம்மதம்தான் என்று. "இனிமே நான் விசிலைத் தொடறதா இல்ல" என்று இவர் வைக்கப் போனார். அவள் போனைப் பிடுங்கி, "அப்பா வருவார் அங்கிள்" என்றாள். இவர் பக்கம் திரும்பி, "நீ வரலேன்னா மேட்ச் நடக்காது. அதையும் கெடுக்காதே" என்றாள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்று அவள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். இவர்தான் பார்க்கவில்லை. அவள் பக்கம் கண்ணே போகாமல், செத்தவர்போல ஓடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் சமம். நான் உட்கார்ந்திருந்த பக்கத்து வளையத்தில் எதிரணிப் பெண் பந்தை உயர்த்தினாள், எங்கள் பெண் ஒரு நொடி பிந்திக் குதித்தாள். கை முழங்கையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெண் கீழே விழுந்தாள். இந்தத் தடவை இவருடைய ஏரியா. கூட ஊதியவருக்கு நடுவில் நின்றவர்கள் மறைத்துவிட்டார்கள்.

இவர் வாயில் விசில் இருந்தது. மூச்சு வரவில்லை.

எதிரணியினர் கையை விரித்துக்கொண்டு இவரைப் பார்த்தார்கள். ஊதாதீங்க, ஊதாதீங்க என்று என் மனம் அடித்துக்கொண்டது. யார் வீட்டுப் பெண் கீழே கிடந்தால் எனக்கென்ன, அப்படித்தான் நினைத்தேன். அப்போது எங்கள் பெண் கையைத் தூக்கினாள். தப்பு என்னுடையது என்று ஆட்டக்காரர்கள் தூக்குவார்களே, அப்படி. தூக்கின கையோடு அவரிடம் சொன்னாள்.

"வேற வீட்டுப் பொண்ணா இருந்தா ஊதியிருப்பீங்கல்ல சார்? ஊதுங்க."

ஊதினார். இரண்டில் ஒன்று விழுந்தது. அந்த ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

மதியம் இறுதி ஆட்டம் முடிந்து, ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். அவள் பெயர் வரவில்லை. இவர் வியர்வைச் சட்டையோடு நேரே தேர்வாளர் மேஜைக்குப் போனார். நானும் அவளும் பின்னால் ஓடினோம். தலைமைத் தேர்வாளர் நல்ல மனுஷர்தான், எழுந்து நின்றே பேசினார்.

"ரொம்ப நல்லா ஆடற பொண்ணு சார். ஆனா ரெண்டு மேட்ச்லயும் கடைசி நேரத்துல ஃபவுல் பண்ணி ஆட்டத்தைக் கொடுத்துடுச்சு. ஒரு தடவைன்னா விட்டிருப்போம்."

"நேத்து அவ ஃபவுலே பண்ணல. நான் தப்பா ஊதிட்டேன். என் ஏரியாகூட இல்ல. வேணும்னா கூட ஊதினவங்களையே கேளுங்க."

"பேர் படிச்சாச்சே சார்." அவர் தயங்கினார். "சரி, நீங்க சொல்லுங்க. இதை நடுவரா சொல்றீங்களா, அப்பாவா சொல்றீங்களா?"

நடுவராக என்றால் நேற்றே அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவாக என்றால் அது ஊர் உலகத்தில் எல்லா அப்பனும் சொல்வதுதான். வாய் மூடாதவள் என்று பெயரெடுத்த எனக்கும் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அவள்தான் அவர் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாப்பா, பஸ் போயிடும்" என்றாள்.