மூன்று முறை வாசிக்காத தீர்மானம்

ஹால்ஸ்டன் நகர்மன்றத்தில் எழுத்தர் என்றால் லோர்னா காஸ்பர் ஒருத்திதான். நாய் லைசென்ஸ், கல்லறையில் இடம், குழாய் அடைப்பு, கூட்டக் குறிப்பு எல்லாமே அவள் தலையில்தான் விடியும். இருபத்தாறு வருடத்தில் ஐந்து மேயர்கள் வந்து போனார்கள். அவள் நாற்காலி மட்டும் அசையவில்லை.

வீட்டில் கணவன் மைலோ. மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். வெளியே பெரிய ஓக் மரம், அதில் பறவைகளுக்கான தீனிப்பெட்டி. அணில் வந்து அதைக் கவிழ்த்துவிட்டு ஓடும்போது மைலோ சிரிப்பான். அவன் சிரிப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

மரத்தின் கிளைகளுக்கு நடுவே மின்கம்பி போனது. ஐம்பது வருடத்துக்கு முன் ஊரும் மின் கம்பெனியும் போட்ட ஒப்பந்தப்படி, கம்பிக்குப் பதினைந்தடிக்குள் நிற்கும் எந்த மரத்தையும் கம்பெனி யாரையும் கேட்காமல் அடியோடு வெட்டலாம். அந்த ஒப்பந்தம் அக்டோபரில் முடிவதாக இருந்தது. புதிய ஒப்பந்தத்தின் வரைவில் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்று நகர்மன்றத்தார் ஒரு வரி சேர்த்தார்கள். தட்டச்சு செய்த லோர்னா அதற்கு யாரையும் கேட்காமல் அடிக்கோடு போட்டாள்.

அதற்குள் மாநிலச் சட்டசபை முந்திக்கொண்டது. காலம் முடிந்த ஒப்பந்தம் முடிந்ததாகாது. இரு தரப்பும் புதிதாகக் கையெழுத்துப் போடும்வரை பழைய நிபந்தனைகளே தொடரும் என்று ஒரு சட்டம். கம்பெனி எந்தக் காலத்தில் கையெழுத்துப் போடும்? உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கிடைக்கும்போது அவர்களுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் ஒரு சந்து விட்டிருந்தார்கள். செப்டம்பர் முதல் தேதிக்குள் பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்ட ஊர்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது.

ஊர் வழக்கப்படி எந்தத் தீர்மானத்தையும் மூன்று கூட்டங்களில் மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து யாரும் பார்த்ததில்லை. "விதியை நிறுத்திவைக்கிறோம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கை தூக்குவார்கள், தலைப்பை மட்டும் வாசித்து முடித்துவிடுவார்கள். ஆகஸ்டில், கால்நடைக் கண்காட்சி வாரத்தில், மேயர் எல்டன் ஷ்ராம் இந்தத் தீர்மானத்துக்கும் அதைத்தான் செய்தார்.

"மூணு தடவை வாசிச்சா கேக்கறதுக்கு யாரு இருக்கா லோர்னா? சுவரா? வழக்கம்போல முடிச்சுடு. எனக்குக் கன்னுக்குட்டிப் போட்டிக்கு நேரமாச்சு."

அவளும் "விதி நிறுத்திவைக்கப்பட்டது" என்று எழுதினாள். அந்த வாரப் பத்திரிகையில் குறிப்பு அச்சாகிவிட்டது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. சட்டத்தின் பத்தொன்பதாம் பக்கம்: இந்த விலக்குக்கு மூன்று நாள் வாசிப்பு கட்டாயம், அந்த விதியை நிறுத்திவைத்தால் தீர்மானம் செல்லாது. கூடவே அவள் எழுதிய குறிப்பு அச்சான பத்திரிகை நறுக்கு. சட்டத்தின் நகல் ஜூன் மாதத்திலிருந்தே அவள் மேஜையில் கிடந்தது. பத்துப் பக்கம் படித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தவள் அவள்தான்.

எல்டன் தலையைச் சொறிந்தார். தொகுதியின் சட்டசபை உறுப்பினர் தொலைபேசியில் மிகவும் வருத்தப்பட்டார். சபை ஜனவரியில்தான் கூடும், அப்போது பேசிப் பார்க்கலாம் என்றார். நவம்பர் தொடக்கத்தில் வெட்டுவதற்கு அடையாளமாக மரத்தில் ஆரஞ்சு வண்ண வளையம் விழுந்தது.

வெட்ட வந்த ஆட்களின் மேஸ்திரி நல்ல மனுஷன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பாதியையாவது விட்டுவிடக் கூடாதா என்று லோர்னா கேட்டாள். உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார், அவருக்கு வேறு எதுவும் இல்லை என்றாள். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் கெஞ்சலைக் கேட்டவளுக்குத் தன் கெஞ்சல் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"எனக்கு என்னம்மா அதிகாரம்? தாள்ல இருக்கறதைச் செய்யறேன்" என்றான். "விறகு வேணும்னா அடுக்கி வெச்சுட்டுப் போறோம்."

வேண்டாம் என்றாள். உள்ளே போய் மைலோவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரம்பம் மதியம்வரை ஓடியது. தீனிப்பெட்டியைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அறைக்குள் வெயில் கொட்டியது. மைலோவுக்குக் கண் கூசியது. எதிர்வீட்டுக் கார் கொட்டகையின் தகரக் கதவு தெரிந்தது, அவ்வளவுதான். அவன் வெகுநேரம் வாயைத் திறந்து மூடிச் சொல்லைத் தேடினான். தப்பு என்மேல்தான் என்று அவனிடம் சொல்லிவிட அவள் குனிந்தாள்.

"லோ," என்றான் அவன். "திரை... போடு."

அவள் எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினாள்.