டீச்சர் தனியாகத்தான் போனார்

நான் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியை விழுங்கிவிட்டேன். அந்தப் பாதியோடு எங்கள் ஆட்களின் பிழைப்பும் போயிற்று... இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் தொழிற்சங்கச் செயலாளர். எங்கள் கழிவுநீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் கெட்டுப்போயின. ஆலையை மூடச் சொல்லி ஊரில் ஒரு சுற்றுச்சூழல் குழு கிளம்பியது. அதை நடத்தியவர் தாம்பரத்துப் பள்ளி ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர்.

ஒருநாள் அவர் எங்கள் சங்கத்துக்கே வந்துவிட்டார். "இனிமே மூடச் சொல்லப் போறதில்ல அண்ணா. கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற நிலையம் கட்டட்டும். அந்த வேலைய உங்க ஆளுங்களுக்கே பெர்மனென்ட்டா குடுக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்" என்றார்.

என் நண்பன் ஏழுமலை, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகிப் போனவன், அன்று வாய் நிறையச் சிரித்தான்.

எனக்கோ, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்றுதான் பட்டது. நேற்றுவரை மூடச் சொன்னவர்களுக்கு இன்று எங்கள்மேல் என்ன பாசம்? எங்கள் டீயை வாங்கிக் குடித்தார். நடிக்கிறார் என்று நினைத்தேன். குடிக்காமல் இருந்திருந்தால்? எங்கள் நாற்றம் பிடிக்கவில்லை என்றிருப்பேன்!

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலாளியை யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டு பேராகவே போக வேண்டும். தனியாகப் போனவன் விலைபோனவன். விசாரணையே கிடையாது. டீச்சருக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

முதலாளி பேச ஒப்புக்கொண்டார். "நாளைக்குக் காலைல கேட் பக்கத்துல நிக்கிறேன் அண்ணா. நீங்க வந்ததும் உள்ள போகலாம்" என்றார் டீச்சர். வருகிறேன் என்றேன்.

போனேன்... கேட்டுக்கு அல்ல, எதிரே இருந்த டீக்கடைக்கு. நான் வராவிட்டால் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று கடையின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர் வெயிலில் குடை பிடித்து நின்றார். சாலையின் இரு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாட்ச்மேன் வந்து அவசரப்படுத்தினான். அப்போதும் நின்றார். கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மாட்டிக்கொண்டார் என்று மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்!

சாயங்காலம் ஆலை வாசலில் சங்கக் கூட்டம். முதலாளி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார் என்று சொல்ல டீச்சரும் ஆசையோடு வந்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். "டீச்சர் மொதலாளியத் தனியாப் போய்ப் பாத்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

ஏழுமலைதான் கேட்டான்: "இன்னா டீச்சர், மெய்யாலுமே தனியாவா போனீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தார். எங்கிருந்து பார்த்திருப்பேன் என்பது அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

"ஆமா. தனியாத்தான் போனேன்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லி நான் ஏமாற்றியதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. குழுவோடு இனி உறவு வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னேன். ஏழுமலையின் கைதான் கடைசியாக எழுந்தது.

பிறகு வட்டாரத் தோல் ஆலைகளுக்கெல்லாம் பொதுவாக அந்தச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. காண்டிராக்டர் வெளியாட்களை வைத்து நடத்தினான். நிலையத்தில் சேராத எங்கள் ஆலையை மூடிவிட்டார்கள். ஏழுமலை கோவிலம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் ஆனான். எப்போது பார்த்தாலும் சொல்வான்: "நல்லவேள மச்சான், நீ கண்டுபுட்ச்ச. இல்லாங்காட்டி அந்தம்மா நம்மள வித்துருக்கும்." நான் தலையாட்டுவேன்.

டீச்சர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? செயலாளர் அசிங்கப்பட்டால் சங்கமே உடையும் என்று எங்களுக்காக யோசித்தாரா? அல்லது வேறு ஏதாவது கணக்கு வைத்திருந்தாரா...? பார்த்தீர்களா, இப்போதும் இந்த 'அல்லது' என்னை விடவில்லை.

சில வருடங்கள் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது. "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவசரமாக ரயிலில் ஏறிக்கொண்டேன். ஏறியதும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று, என்னைப்பற்றி யாரிடமாவது பேசுகிறாரா என்று ரயில் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.