கதவைப் பார்த்து நின்றவர்

எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பூனை அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நடந்தால் சத்தமே கேட்காது. பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறதே என்று திரும்பினால் அவர் நிற்பார். ஒரு தடவை மைக் அக்கா பயந்துபோய், மடித்து வைத்திருந்த தலையணை உறை அத்தனையையும் ஈரத் தரையில் போட்டுவிட்டாள்.

"ஏண்ணே, ஒரு இருமல் இருமிட்டு வந்தா உங்க சொத்தா கரைஞ்சிடும்?"

"நாளையிலிருந்து இருமுறேன்மா" என்றார். மறுநாள் காலையில் இரண்டு தடவை இருமினார். அப்புறம் மறந்துவிட்டார்.

மைக் அக்கா மடிக்கிற மேஜையில் வேலை பார்ப்பவள். அவள் வாயைத் திறந்தால் துவைக்கிற மெஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியாது, அப்படி ஒரு குரல். ஆஸ்பத்திரி விரிப்புகளும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டும் ஹோட்டல் துண்டுகளும் எங்களிடம் வரும். கணக்கு வழக்கு, வண்டி எல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பார். மடிப்பும் இஸ்திரியும் என் பொறுப்பு.

பூனை அண்ணன் வேலை கேட்டு வந்த அன்றைக்கு, "முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அரசாங்கத்துல."

"அப்ப பென்ஷன் வருமே?"

"எனக்கு வராதுங்க."

லஞ்சம் வாங்கி மாட்டியிருப்பார் என்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் பாய்லருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் கொடுத்தோம். அவர் இஸ்திரி போட்ட கோட்டின் காலர் மூன்று நாள் ஆனாலும் விறைப்பாக நிற்கும். என் வீட்டுக்காரர் வயிற்று ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தபோது அண்ணன்தான் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்து பார்த்துக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், இவர்தான் இருந்தார்.

அவருக்கு இரண்டு பழக்கம் உண்டு. வாசல் தெரிகிற கடைசி மேஜையில்தான் நிற்பார். பாய்லர் சூடு நேராக அடிக்கிற இடம் அது, வேறு யாரும் அங்கே ஒரு மணி நேரம் தாங்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி, மேஜை விளிம்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் துணியால் துடைப்பார். சுத்தக்காரர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். எந்த வேலையானாலும் செய்கிறேன் என்றாள். வெயிலில் வந்திருக்கிறாளே என்று தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு சட்டைக் கையை இழுத்து, டம்ளரை வாயிலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றித் துடைத்து, துணியோடேயே பிடித்துக் கீழே வைத்தாள்.

துணி கருகுகிற வாசனை வந்தது. பூனை அண்ணன் பெட்டியை ஒரு கோட்டின் முதுகில் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் ஒரு துணி கருகி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "உன் பின்னாடி எத்தனை பேர அனுப்பியிருக்காங்க?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தமே இல்லை. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "தெரியாது. ரெண்டு பேரா இருக்கும்" என்றாள்.

மத்தியானம் என்னையும் வீட்டுக்காரரையும் பாய்லர் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "தங்கச்சி, நான் அரசாங்கத்துக்காக ஆளுங்கள கொன்னவன். இவங்க வேண்டாம்னு ஆபீஸ்ல முடிவு பண்ணுவாங்க, நான் போவேன். ஒரு தடவை போன இடத்துல நானும் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டாங்க. சரி, அப்படியே இருந்துடலாம்னு இருந்துட்டேன்."

எத்தனை பேர் என்று கேட்டேன். "வேண்டாம் தங்கச்சி" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணையும் அதே ஆபீஸ்தான் எடுத்திருக்கிறது. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, விடுதியில் வளர்ந்தவள். பழக்கி முடித்து முதல் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் என்ன செய்தார், யாருக்கு ஆகாமல் போனார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கண்ணாடி வாங்குகிறவள் மாதிரி உள்ளே போயிருக்கிறாள். அவர் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "உனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. கண்ணாடி எதுக்கு, காசை வீணாக்காதே" என்றாராம். அவளால் முடியவில்லை. அவரை ஓடிப்போகச் சொல்லிவிட்டு இவளும் ஓடிவந்துவிட்டாள். இனி அவளைக் கொல்லாமல் விடமாட்டார்கள்.

"போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அனுப்புறதே அரசாங்கம். யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க?" என்றார் பூனை அண்ணன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கடவுளே, இவரை என்ன செய்வது என்று கேட்பதா, இந்தப் பிள்ளையை என்ன செய்வது என்று கேட்பதா? கடைசியில் பிள்ளையைக் காப்பாற்று என்று மட்டும் கேட்டேன். அவரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுற ஆளைத்தான் அவங்களுக்குப் பிடிக்கத் தெரியும். தேடிக்கிட்டு இங்க வருவாங்க. வந்து பாத்துட்டு, இல்லன்னு போகணும்."

"முகத்தைப் பாத்தா தெரியாதா அண்ணே?"

அப்போதுதான் அந்த ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னார். போட்டோ கொடுத்து அனுப்ப மாட்டார்களாம். கையில் போட்டோ இருந்தால் அதுவே சாட்சி ஆகிவிடும். உயரம், வயது, நடை, கை போகிற விதம் என்று வாயால்தான் சொல்லுவார்கள். முகத்தை மாற்றிக்கொள்ளலாம், பழக்கத்தை மாற்ற முடியாது என்பது அங்கே பாடம். அதனால் தங்களை மாதிரியே இருக்கிற ஆளைத்தான் அவர்கள் தேடுவார்கள்: சத்தமில்லாமல் நடக்கிறவள், வாசலைப் பார்த்து உட்காருகிறவள், தொட்டதைத் துடைக்கிறவள்.

"அப்ப அதையெல்லாம் மறக்கடிக்கணும்" என்றேன்.

"என்னால ஆகாது. எனக்கே மறக்கல. உங்க பொம்பளைங்களால ஆகும்."

கெட்டவர்கள் சிலர் தேடுகிற பிள்ளை என்று மட்டும் மைக் அக்காவிடம் சொன்னேன். "வரட்டும், ஈரத்துண்டாலேயே மூஞ்சில நாலு போடுறேன்" என்றாள். தன் வீட்டுக்காரரின் பழைய செருப்பைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் காலில் மாட்டிவிட்டாள். இரண்டு அளவு பெரிசு. இழுத்து இழுத்துத்தான் நடக்க முடியும். "அப்படித்தான், தரையைத் தேய்ச்சு நட. உனக்கென்ன, தரை உங்க அப்பன் வீட்டுதா?" டம்ளரைத் துடைக்கப் போனால் கையில் ஒரு அடி. மெதுவாகப் பேசினால், "என்னடி, காதுல ரகசியமா சொல்றே? கத்து!"

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் அவளுக்கு வரவே இல்லை. மடிக்கிற மேஜை சுவரைப் பார்த்துப் போட்டது. யார் உள்ளே வந்தாலும் அவள் தலை திரும்பிவிடும். திரும்பும்போதெல்லாம் மைக் அக்கா தொடையில் கிள்ளுவாள். சில வாரத்தில் கிள்ளு குறைந்தது. ஒரு நாள் விரிப்பைச் சரியாக மடிக்காததற்கு மைக் அக்கா திட்ட, அந்தப் பெண் திருப்பி, "உன் கண்ணுல கோளாறு, மடிப்புல இல்ல!" என்று கத்தினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. பூனை அண்ணன் மட்டும் குனிந்து காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவளே அவரிடம் கேட்டாள்: "என்னை மட்டும் மாறச் சொல்றீங்க. நீங்க இன்னும் துடைச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"தேடி வர்றவங்களுக்கு ஏதாவது கிடைக்கணும்ல" என்றார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தது ஒரு முற்பகல். ஒருவர் நடுத்தர வயது, இன்னொருவர் இளவட்டம். புதிதாக ஹோட்டல் திறக்கப் போகிறோம், துணியெல்லாம் உங்களிடமே கொடுக்கலாமா என்று இடத்தைப் பார்க்க வந்தோம் என்றார்கள். வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக அழைத்துக்கொண்டு வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். பாய்லர் ஓடுகிற கூடத்தில், சட்டை நனைகிற புழுக்கத்தில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் கண்டதில்லை. டம்ளரைத் தொட்டால் துடைக்க வேண்டுமே, அவர்கள்தான் என்று புரிந்துவிட்டது.

மெஷின்களைத் தாண்டி மடிக்கிற மேஜைக்குப் பின்னால் வந்தார்கள். அந்தப் பெண்ணின் முதுகுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். அவள் தோள் இறுகியதைப் பார்த்தேன். இப்போது திரும்பினால் போச்சு.

மைக் அக்காவுக்கு என்ன தோன்றியதோ. "ஏண்டி, இது உறையா, இல்ல நீ மூக்கு சிந்துற துணியா? இப்படியா மடிப்பே?" என்று ஆரம்பித்தாள்.

"உனக்கு முடிஞ்சா நீயே மடிச்சுக்கோ! காலையிலேர்ந்து நொய்யி நொய்யின்னு!" என்று இவள் துணியை மேஜையில் ஓங்கி அடித்தாள். குரல் உடைந்தது. கோபத்தில் உடைகிற குரல் மாதிரிதான் இருந்தது. பெரியவர் லேசாகச் சிரித்துக்கொண்டு தாண்டிப் போனார்.

கடைசி மேஜைக்கு வந்து நின்றுவிட்டார்.

பூனை அண்ணன் பெட்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிதானமாக, கண்ணை வாசல் பக்கமே வைத்து. அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று செய்கிற மாதிரி இருந்தது.

"நீங்க போயிட்டதாத்தானே சொன்னாங்க" என்றார் பெரியவர். குரலில் மரியாதை இருந்தது.

"நானும் அப்படித்தான் இருந்தேன்."

"அந்தப் பொண்ணு உங்கள தேடித்தான் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க?"

"இல்ல" என்றார் பூனை அண்ணன். ஒரே சொல்தான், முடித்துவிட்டேன் என்கிற மாதிரி.

பெரியவர் தலையை ஆட்டினார். இளைஞனுக்கு அது போதவில்லை. என் பக்கம் திரும்பி, "புதுசா ஒரு பொண்ணு இங்க வந்தாளாமே?" என்று கேட்டான்.

கூடத்தில் எல்லாச் சத்தமும் இருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் என்ன சொன்னாலும் ஒருவர் போகவேண்டும் என்று மட்டும் புரிந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த முடிவை அவர் முன்பே எடுத்துவிட்டார், என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

"வந்தா. இவர்கூடத்தான் பேசிக்கிட்டிருந்தா. ஒரு நாள் ரெண்டு பேரும் வெளிய போனாங்க. இவர் மட்டும் திரும்பி வந்தார்" என்றேன்.

"இன்னும் என்ன? அவர் இல்லன்னா இல்லதான்" என்று பெரியவர் இளைஞனை அதட்டினார். "வாங்க, ஆபீஸ்ல உங்கள பார்க்க ஆசைப்படுவாங்க."

பூனை அண்ணன் சுவிட்சை அணைத்தார். பாதி இஸ்திரி போட்ட கோட்டைக் கொக்கியில் மாட்டினார். என் வீட்டுக்காரரிடம் மட்டும், "அந்தக் கோட்டுக்கு இன்னொரு தடவை தண்ணி தெளிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தார். வெளியே கார் கிளம்பிப் போயிற்று. மைக் அக்கா இன்னும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். யாரும் அவளிடம் நிறுத்தச் சொல்லவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போய் நிக்கிறேன்மா. என்னைப் பார்த்தா அவரை விட்டுடுவாங்க."

"விடமாட்டாங்க. ரெண்டு பேரையும் வச்சுக்குவாங்க. அவர் எதுக்காகப் போனாரோ அதைக் கெடுக்காதே."

"அவர் யாருன்னு தெரியும்ல உங்களுக்கு? எத்தனை பேரைக் கொன்னாரோ. அவர் போய் எனக்காக..."

நான் போய் அண்ணன் பாதியில் விட்ட கோட்டுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் பிணவறை ஆளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆபீஸையே மூடிவிட்டார்கள் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். எங்கே, என்ன வேலை என்று மட்டும் எழுத மாட்டேன்.

நான் சொன்ன பொய்க்காக ராத்திரி ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பதில்லை. பூனை அண்ணன் கையால் போனவர்களுக்காக வேண்டுகிறேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும். அப்புறம் அண்ணனுக்காகவும் வேண்டுகிறேன். ஒரே ஜெபத்தில் இரண்டையும் கேட்கலாமா என்று சொல்லித் தருகிற அளவுக்குப் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.