மாமா பெயர் படித்த மத்தியானம்

வெயிலில் காய்ந்த டார்ச் செல்லை உள்ளங்கையில் வாங்கினால், கோழி அப்போதுதான் இட்ட முட்டைபோல இளஞ்சூடாக இருக்கும். கப்பல் தாமதமானால் எங்கள் சின்னத் தீவான லாங் ஐலண்டில் புதுச் செல் கிடையாது. தீர்ந்துபோனவற்றைத் தகரக் கூரையில் காயவைத்து, டிரான்சிஸ்டர் ரேடியோவை இன்னும் அரைமணி நேரம் பாடவைப்போம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அம்மா, நெஞ்சுநோயாளியான ஒரே தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். இலங்கையிலிருந்து வரும் நேயர் விருப்பத்தில், பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் பெயர்களில் மாமா பெயர் வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஒருமுறை, இன்ன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்காகப் பாட்டுக் கேட்டிருப்பதாக மாமா கடிதம் போட்டார். அந்த ஞாயிறு வந்தது, கப்பல் வரவில்லை. காய்ந்த செல்களும் முனகக்கூட மறுத்தன.

"எம் பேரயும் சேத்துப் படிப்பாங்க புள்ள, கேக்காமப் போயிருமோ?" என்று அம்மா தவித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஓட்டிய லாஞ்சுப் படகின் பேட்டரி பின்கட்டில் இருந்தது. பெரிய பேட்டரி என்றால் நன்றாகப் பாடும் என்று, பதினொரு வயது மேதாவியான நான் ஒயரை இழுத்து மாட்டினேன். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அடுத்த கப்பலில் அப்பாவும் நானும் பெரிய தீவின் நகரத்திலுள்ள டாலிகஞ்சுக்குப் போனோம். ரேடியோ ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்ததுமே, "உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் 'உட் கயா' பேட்டி, எரிஞ்சுபோச்சு மகளே. ஆறு வோல்ட் பொட்டிக்குப் பன்னெண்டு குடுத்தா தாங்குமா?" என்றார். புதிய டிரான்சிஸ்டரை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது, சூடு உள்ளே ஏறாமலிருக்க அதன் கம்பிக்காலைக் குறடால் பிடித்துக்கொண்டார். "சூடு, ஜாஸ்தி வோல்ட், செவப்பு கறுப்பு ஒயர மாத்திக் குடுக்கிறது, மூணும் இதுக்கு எமன். தீவு ஈரம் நாலாவது எமன்" என்றார். எல்லாம் காலம் கடந்த பாடம்.

இரண்டு மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது: "ரெண்டு பேர் பேரும் படிச்சாங்களே, கேட்டியா அக்கா?" எழுதத் தெரியாத அம்மா என்னைப் பதில் எழுதச் சொன்னாள். "தெளிவாக் கேட்டுச்சு தம்பின்னு எழுது." என் கையாலேயே எழுதினேன். அது போய்ச் சேர்ந்த மாதத்தில் மாமா இறந்துபோனார்.

இன்று எந்தப் பாட்டும் போனில் கிடைக்கிறது. அன்று காற்றில் போன அந்த இரண்டு பெயர்கள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அம்மா சாகும்வரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.