இரண்டு சொட்டுப் பெற்றோல்

நேர்முகத் தேர்வுக்குப் போன காலையில் என் சேலை முழுக்க மண்ணெண்ணெய் மணத்தது. உள்ளே நான் சொன்ன பதிலுக்கு அந்த மணம்தான் காரணமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் கொட்டில் போட்டிருந்தோம். விவசாயப் பாடசாலையில் படித்த நான் வேலையில்லாமல் இருந்தேன். கள உத்தியோகத்தர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியாகிவிட்டது, நேர்முகம்தான் மிச்சம். அடுத்த தடவை விண்ணப்பம் கோரும்போது எனக்கு வயது கடந்துவிடும்.

என்னோடு அதே தேர்வுக்குப் படித்தவள் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தகப்பன் களப்பில் வலை வீசுபவர். எங்களிடம் இருந்தது ஒரேயொரு வழிகாட்டிப் புத்தகம். சுற்றாடல் பகுதியை ஒருவரையொருவர் கேட்டுப் பாடமாக்கினோம்.

"வளி மாசடையிறதைக் குறைக்க நாலு வழி சொல்லு பாப்பம்" என்று அவள் கேட்பாள்.

"வாகனப் பாவனையைக் குறைத்தல். சைக்கிளில் செல்லுதல். எரிபொருளைச் சிக்கனப்படுத்தல். மரம் நடுதல்."

"நாலிலை மூண்டு நாங்கள் எப்பவோ செய்து முடிச்சிட்டமடி. மரம் மட்டும்தான் பாக்கி. எங்களுக்குக் கேள்வி கேளாமலே வேலை தரவேணும்!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். ஆனால் அந்த நாலும் எங்கள் தெருவில் ஒட்டவில்லை. போர்க்காலம்; அரசாங்கத்தின் தடையால் பெற்றோல் எங்கள் வன்னிப் பகுதிக்குள் வர அனுமதி இல்லை. இருந்த சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒன்று போனால் தெரு வெள்ளைப் புகையில் மறையும், கண் எரியும். வாகனம் குறைவு, புகை கூட. இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

நேர்முகம் நடந்த மாவட்ட அரசாங்கச் செயலகமான கச்சேரிக்கு அண்ணன்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனான். மண்ணெண்ணெயில் எஞ்சின் தானாகப் பிடிக்காது. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு விட்டு உதைக்கவேண்டும்.

"ஏறடி கெதியா, நிண்டால் எஞ்சின் நூந்துபோகும்" என்றான். புகைக்குள்ளால் ஏறினேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார்: "உம்முடைய பிரதேசத்திலை வளி மாசடையிறதைக் குறைக்க என்ன செய்யலாம்?"

நாலும் வரிசையாக நாக்கில் நின்றன. ஆனால் அவர் என்னுடைய பிரதேசத்தை அல்லவா கேட்டார்?

"பெற்றோல் வரவேணும், சேர்."

எழுதிக்கொண்டிருந்த பேனைகள் நின்றன. கண்ணாடி போட்டவர் நிமிர்ந்தார். "பெற்றோலாலைதான் புகை எண்டெல்லே படிச்சிருப்பீர்?"

"ஓம் சேர். ஆனா இஞ்சை பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விடுகினம். அது முழுக்க எரியாது. அதாலைதான் இவ்வளவு புகை."

"அதை எங்களிட்டைக் கேட்டால் நாங்கள் எங்கை போறது, பிள்ளை?" என்றார் மூன்றாமவர். பகிடியா, கோபமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு கேள்வி கேட்காமல் போகச் சொன்னார்கள்.

எனக்கு முன்னரே போய்வந்த சிநேகிதி வெளியில் நின்றாள். நாலையும் ஒப்புவித்துவிட்டாளாம். நான் சொன்னதைக் கேட்டதும் தலையில் கைவைத்தாள்.

"எடி விசரி! அவை சுற்றாடலைக் கேட்டால் நீ தடையைப் பற்றிக் கதைச்சிருக்கிறாய்."

"நான் சுற்றாடலைத்தானே சொன்னனான்?"

"ஓமோம். வேலை கிடைச்ச மாதிரித்தான்."

திரும்பும் நேரத்தில் அண்ணனின் போத்தலில் ஒரு சொட்டும் இல்லை. அவன் உதைத்து உதைத்துக் களைத்தபோது கண்ணாடிக்காரர் தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தார். எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டார். அவரிடமும் ஒரு கண்மருந்துப் போத்தல்.

"அளவா விடும் தம்பி. நானும் வீட்டை போகவேணும்."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இரண்டு எஞ்சினும் பிடித்தன. இரண்டு புகையும் கலந்ததில் அவர் இருமிக்கொண்டே போனார்.

"சரிவருமோ?" வழியில் அண்ணன் கேட்டான்.

"தெரியாது."

"அந்தாள் பெற்றோல் தந்தவரெல்லே?"

"தந்தவர்."

"பிறகென்ன?"

அது எனக்குத் தந்ததா, மோட்டார் சைக்கிளுக்குத் தந்ததா என்று எப்படித் தெரியும்?

நியமனம் வந்தது. அவளுக்கும் வந்தது. நாலு சொன்னவளும் சரி, ஒன்றை மாற்றிச் சொன்ன நானும் சரியென்றால், அவர்கள் எதற்குப் புள்ளி போட்டார்கள்?

முதல் வேலையாக மாதர் சங்கக் கூட்டமொன்றில் சுற்றாடல் பற்றிப் பேச அனுப்பினார்கள். கையில் தந்த தாளில் அதே நாலு வழிகள். வேலிநெடுக அவர்கள் வந்த சைக்கிள்கள் சாத்திக் கிடந்தன. "வாகனங்களைத் தவிர்த்துச் சைக்கிளிலை போங்கோ" என்று தொடங்கினேன்.

"அதிலைதானே பிள்ளை வந்தனாங்கள்" என்றார் முன்வரிசையில் இருந்த அம்மா. "அடுத்ததைச் சொல்லுங்கோ."

அடுத்தது எரிபொருள் சிக்கனம். தாளை மடித்துவிட்டு, நடுவதற்கு எந்த மரம் வேண்டும் என்று கேட்டேன்.