ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் சின்னையா, சீமைக்குப் போன துரை விட்டுச்சென்ற சினிமாக் கேமராவில் படம் எடுத்தான். அதற்குத் தப்பு மேளத்தில் விசித்திரமான இசையும் அடிப்பான். அவன் நச்சரிப்புத் தாங்காமல், வாய் திறந்து பேசவே கூசும் நான் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி, படம் காட்டுவதற்காக, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைக் கேட்டு வாங்கினேன். ஞாயிறு மாலை கணக்கப்பிள்ளையும் படம் பார்க்க வந்துவிட்டார்.

திரையில் மலையேறும் எங்கள் கால்கள்தான் தெரிந்தன. வேறொன்றுமே வரவில்லை.

"சண்டை எப்பப்பா வரும்?" என்று கத்தினார்கள். எனக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் சின்னையா, விடியலில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பை அடித்தான். சனம் மொத்தமும் எழுந்துவிட்டது. ராக்கம்மா கொழுந்துக் கூடையைத் தேடினாள்.

"அடியே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி!" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை முறைத்தார்.

"ஏன்டா மானத்த வாங்குற?" என்றேன்.

"நானா எந்திரிக்கச் சொன்னேன்? ஒங்க காலுதாண்ணே எந்திரிச்சிச்சு."

குனிந்து பார்த்தேன். நானும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் படத்தைப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவன்மேல் எனக்கு எரிச்சலும் தீரவில்லை. ஆனால் பாழாய்ப்போனவனால், விடியலில் தப்புச் சத்தம் கேட்டால் இப்போது கொஞ்சம் படுத்துக் கிடந்து, பிறகு நானாகத்தான் எழுந்திருக்கிறேன்.

16.2.1964