அக்காவின் கைக்கேற்ற வேகம்

1993இல் அக்காவும் நானும் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனோம். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். கறுப்புத் திரையில் டாஸ் கட்டளைகளைத் தட்டினால்தான் எதுவும் நடக்கும். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கால் மணி நேரம் விளையாட விடுவார்கள். சுரங்கம் தோண்டிப் போகும் ஒரு குட்டி மனிதன், அவனைத் துரத்தும் பூதங்கள். நான் இரண்டாவது கட்டத்தைத் தாண்டியதில்லை. அக்கா ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருப்பாள்.

பிறகு அவளுக்குத் திண்டிவனத்திலேயே கல்யாணமாயிற்று. எனக்கு விழுப்புரத்தில் வேலை. ஆபீசில் சிடி எழுதும் வசதி வந்த புதிதில், வகுப்பிலிருந்து நகலெடுத்து வந்து, இப்போது பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்த அந்த விளையாட்டு ஃபிளாப்பியை ஒரு சிடியில் ஏற்றிவைத்தேன். காரணம் ஒன்றுமில்லை.

அந்த வகுப்புக்குப் போய் இருபது வருடம் கழித்து அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது.

"எந்நேரமும் இத்த அமுக்கிக்கினு இருக்கிறது பேஜாரா இருக்குடா" என்றாள்.

மாமா குனிந்து பந்தை எடுத்துத் துடைத்துவைத்தார்.

அடுத்த வாரம், டாஸில் துவங்கும்படி என் லேப்டாப்பைத் தயார்செய்து, சிடியோடு எடுத்துப்போனேன். கறுப்புத் திரையைக் கண்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அது பழைய கம்ப்யூட்டரின் வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டு. புதியதில், கண்ணை மூடித் திறப்பதற்குள் பூதம் வந்து மனிதனை விழுங்கிவிட்டது. மூன்று முறையும் அப்படியே. அக்கா தன் கையையே பார்த்தாள்.

"உன் கை இல்லக்கா, மிஷினு" என்றேன்.

அவள் நம்பவில்லை. மூடச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் முழுதும் எனக்கு மனசே சரியில்லை. ஆபீசில் ஒருவரிடம் விசாரித்து, புது கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டரைப் போல நடந்துகொள்ளும் ஒரு இலவச மென்பொருளைப் பிடித்தேன். அதில் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் பழைய வகுப்பின் வேகத்துக்குக் கொண்டுவந்தேன்; பிறகு அதைவிடவும் நன்றாகக் குறைத்தேன். பூதங்கள் சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவர்களைப் போல நடந்தன.

மறுபடி எடுத்துப்போனபோது அக்கா வேண்டாம் என்றாள். மாமாதான் ஆட உட்கார்ந்தார். அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல், "தள்ளுங்க, அப்டி இல்ல" என்று அவளே நாற்காலியை இழுத்துக்கொண்டாள். விரல் அம்புக்குறி விசையில் இறங்க நேரம் பிடித்தது. மனிதன் ஓரடி தோண்டினான். முதல் கட்டம் முடிய அரை மணி நேரமாயிற்று.

லேப்டாப்பை அங்கேயே விட்டுவந்தேன். வாராவாரம் போகும்போது, அவளுக்குத் தெரியாமல் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன். நான்காவது மாதம் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏண்டா, போன வாரத்த விட ஜல்தியா ஓடுது. நீதான் ஏத்திவச்சியா?"

ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எந்த பட்டன்னு சொல்லு. நானே ஏத்திக்கிறேன்."

சொல்லிக்கொடுத்தேன். கை முழுதாகத் திரும்பவில்லை. கையெழுத்துப் போடும்போது இன்றும் நடுங்கும். ஆனால் அந்தப் பொங்கலன்று வலது கையாலேயே எங்களுக்குப் பரிமாறினாள். மாமாவின் இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. அவர் அதை வழித்து இலையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.